புகாரைப் படிப்பவள் எழுதுகிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதிப்பாளர் ஒருவர் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கொதித்துப்போய் எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் வெளியிட்ட நாவல் கடைக்குப் போன சூட்டோடு பிடிஎஃப் ஆகி ஊரெல்லாம் உலவுகிறதாம். இணைய நிறுவனங்களுக்கு எழுதினால் புகார் குப்பைக்கூடைக்குத்தான் போகிறதாம். அங்கே படிக்க ஆளே கிடையாதாம். அவர் கோபத்தில் முக்கால் பங்கு நியாயம் இருக்கிறது. ஆள் கிடையாது என்பது மட்டும் சரியல்ல. அப்படிப்பட்ட புகார்களைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஓர் அலுவலகம். யார் வேண்டுமானாலும் ஆவணங்களைப் பதிவேற்றலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற ஓர் இணையச் சேவைக்கு வரும் பதிப்புரிமைப் புகார்களைப் பார்த்து, நீக்குவதா விடுவதா என்று முடிவெடுப்பது எங்கள் பிரிவின் வேலை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொன்னால் வேலையும் இருக்காது. பதிப்பாளர் எழுதியது எங்களுக்கா, வேறு யாருக்குமா என்பதும் தெரியாது. எங்கள் பிரிவில் மொழிக்கு ஒருவர் இருவர் உண்டு, தமிழுக்கு நான். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீட்டில் பிறந்து, 2001-இல் சுரங்கத்தை மூடியபின் பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவளல்ல. அப்பா வாங்கும் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்து வந்ததுதான் என் தமிழ். ஆகவே இலக்கணப் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவு எண்களை மட்டும் தொட வேண்டாம்.

ஒரு நியாயமான புகார் எப்படிச் செத்துப்போகிறது என்பதை ஒரே ஒரு புகாரை வைத்துச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் ஊர்க் கோயிலின் வரலாற்றைச் சொந்தச் செலவில் அச்சிட்டவர். மின்னஞ்சலில் ஒரு வரிகூட எழுதவில்லை. கையால் எழுதிய கடிதத்தைப் படமெடுத்து இணைத்திருந்தார். கோடு போட்ட தாள், நீல மை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன. கல்வெட்டுகளைத் தேடி அலைந்தது, மனைவியின் வளையலை அடகு வைத்து அச்சகத்துக்குப் பணம் கட்டியது, அச்சிட்டதில் பாதி இன்னும் பரணில் கிடப்பது என்று இரண்டு பக்கம். கூடவே புத்தக அட்டையின் படம், ஐஎஸ்பிஎன் எண் கிடைத்த கடிதம், ஆதார் நகல், யாரோ உறவுக்காரப் பையன் கைப்பேசியில் பிடித்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று; அதில் புத்தகத்தின் முதல் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. இத்தனை அனுப்பியவர் ஒன்றை அனுப்பவில்லை. அந்தத் திருட்டுப் பிரதி எங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்கிற முகவரி, அதாவது லிங்க்.

வரும் புகாரை முதலில் படிப்பது இயந்திரம். எழுத்துகளைப் பார்த்து மொழியைக் கண்டுபிடித்து, அந்தந்த மொழிக்காரரின் வரிசையில் சேர்ப்பது அதன் வேலை. படமாக வந்த கடிதத்தில் அதற்கு எழுத்தே தெரியாது. ஆகவே தமிழ் வரிசைக்கு வராமல் 'தகவல் போதவில்லை' என்கிற குவியலில் போய் விழுந்தது. அங்கிருந்து அவருக்கு ஆங்கிலத்தில், வக்கீல் நடையில், ஒரு பக்கத்துக்குத் தானியங்கிப் பதில் போனது. அதில் லிங்க் வேண்டும் என்ற செய்தி நாலாம் பத்தியில் ஒரு துணை வாக்கியத்தின் நடுவே இருக்கிறது. எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவர் மறுபடியும் எழுதினார். அதே கடிதம், கோபம் மட்டும் கூடியிருந்தது. மறுபடியும் அதே பதில். மூன்றாவதை ஏற்கெனவே வந்த புகார் என்று இயந்திரம் தானே மூடிவிட்டது. மூடிய புகார்களில் சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கும் வழக்கம் ஒன்று இருப்பதால் அது என் கண்ணில் பட்டது.

புத்தகப் பெயரைத் தளத்தில் தேடினால் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிடும், நீயே தேடியிருக்கலாமே என்று தங்கள் வாசகர்கள் கேட்பார்கள். எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் அறிவுறுத்தல் தேடக் கூடாது என்பது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. பாட்டு நிறுவனம் ஒன்று மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் மீது போட்ட வழக்கில் 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. தளத்தில் எங்கோ திருட்டுச் சரக்கு இருக்கும் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது. இன்ன இடத்தில் இன்ன பிரதி என்று உரிமையாளர் குறிப்பிட்டுச் சொன்ன பிறகும் நீக்காவிட்டால்தான் சேவை நடத்துபவர் மீது பொறுப்பு விழும் என்பது அதன் சாரம். கோடிக்கணக்கான கோப்புகளை வைத்திருக்கும் ஒரு தளத்துக்கு இது நியாயமான பாதுகாப்புதான். ஆனால், தேட வேண்டிய கட்டாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னதை நிறுவனங்கள் தேடவே கூடாது என்று படித்துக்கொள்கின்றன. தேடி ஒன்றைக் கண்டுவிட்டால் மற்றவற்றையும் ஏன் காணவில்லை என்று நாளைக்கு யாராவது கேட்பார்களோ என்கிற பயம்.

அந்த ஆசிரியருக்கு என்ன செய்தேன் என்றால், தானியங்கிப் பதிலின் தலையில் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் நூலின் பிரதி எங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்புங்கள்." மறுநாள் காலை லிங்க் வந்தது. மாலைக்குள் பிரதி நீக்கப்பட்டது. அனுமதியின்றிப் பதிலின் வாசகத்தை மாற்றியது ஏன் என்று எனக்கு ஒரு மின்னஞ்சலும் வந்தது.

என் முழுக் கடிதமும் அந்த ஒரு வரிக்காகத்தான். எது குறைகிறது என்பதை, புகார் கொடுத்தவரின் மொழியில், ஒரே வரியில் சொல்லுங்கள் என்று உள்ளே பலமுறை கேட்டாயிற்று. சட்டப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும், மொழிபெயர்ப்புச் செலவு என்று பதில் வருகிறது. விளம்பரத்தைத் தமிழில் போடும்போது இந்தச் செலவை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி பதிப்பாளருக்கு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டுடையது. 2012-இல் திருத்தியபோது 52-ஆம் பிரிவில் இணையச் சேவைகளுக்கென்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆம் விதி அதன் நடைமுறையைச் சொல்கிறது. எழுத்தில் புகார் வந்து, அதில் உள்ள விவரங்கள் திருப்தி தந்தால், 36 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதியை மக்கள் பார்க்க முடியாதபடி செய்ய வேண்டும். அப்படி நிறுத்திவைப்பது 21 நாள்களுக்கு. அதற்குள் புகார் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவர வேண்டும். வராவிட்டால் பிரதியை மறுபடியும் திறந்துவிடச் சேவைக்கு உரிமை உண்டு. அதன் பிறகு அதே இடத்திலுள்ள அதே பிரதிக்கு அதே ஆள் மீண்டும் புகார் அனுப்பினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது.

ஆகவே புகார் என்பது குறை கேட்டு எழுதும் மனு அல்ல. வளையலை அடகு வைத்த கதை எனக்கு மனத்தைப் பிசைந்தது. 75-ஆம் விதிக்கு அது வேண்டியதில்லை. அது கேட்பது: எந்த நூல், அதன் உரிமை உங்களுக்கு எப்படி வந்தது, இந்தப் பிரதி ஏன் திருட்டு, அது எங்கே இருக்கிறது, தெரிந்தால் ஏற்றியவர் யார். கடைசியாக, வழக்குத் தொடுத்து 21 நாளில் உத்தரவு தருகிறேன் என்ற உறுதிமொழி. தமிழ்நாட்டிலிருந்து வரும் புகார்களில் நான் அதிகம் காணாதது இந்த உறுதிமொழியைத்தான். வழக்கு என்றதும் பெங்களூருக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டும் என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். 62-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் தாம் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

உரிமைக்குச் சான்றாகப் பாதிப் பேர் ஐஎஸ்பிஎன் கடிதத்தை அனுப்புகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காணும் எண், அவ்வளவுதான். யாருக்கு உரிமை என்று அது சொல்லாது. எழுத்தாளருடன் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அதைவிடப் பல மடங்கு பலமானது. நம் சிறு பதிப்பகங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை, பதிப்பாளர்கள் என்மீது பாய்வார்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் இலக்கியப் படைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய்தான்; சான்றிதழ் கையில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

இதுவரை நியாயமான புகார்களைப் பற்றிச் சொன்னேன். மற்ற வகையையும் சொல்லாவிட்டால் கடிதம் ஒருபக்கச் சார்பாகிவிடும். இந்தப் பகுதியை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஊரில் இரண்டு டியூஷன் சென்டர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரம். ஒரு சென்டர் தொகுத்து இலவசமாக ஏற்றியிருந்த 'முக்கிய வினாக்கள்' கோப்பின் மீது மற்றொன்று புகார் கொடுத்தது. படிவம் ஆங்கிலத்தில், கட்டம் கட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் நிரப்பப்பட்டிருந்தது. வக்கீல் கைவண்ணம் தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கில வரிசைக்குப் போய், 36 மணி நேரக் கெடுவுக்குள் கோப்பு மறைக்கப்பட்டது. ஏற்றியவர் தமிழில் எழுதிய மறுப்பு என்னிடம் வந்தபோதுதான் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இருந்தவை அரசுப் பாடநூலில் பாடத்தின் கடைசியில் வரும் வினாக்கள். அந்த வினாக்களுக்கு இவருக்கும் உரிமையில்லை, அவருக்கும் இல்லை. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பி, அது சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்புவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. புகார் கொடுத்தவர் நீதிமன்றம் பக்கம் போகவே இல்லை. அவருக்கு வேண்டியதும் அந்த 21 நாள்கள்தான்.

பொய் மிரட்டலுக்கு எதிராக 60-ஆம் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். இலவச வினாத்தொகுப்புக்காக யார் போவார்கள்? அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் ஏற்றியவர் மறுப்பு மனு கொடுக்க வழி உண்டு. புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் கோப்பைத் திரும்ப வைத்தாக வேண்டும். நம் 75-ஆம் விதியில் ஏற்றியவர் வாய் திறப்பதற்கென்று ஓர் இடமே இல்லை. அவர் தரப்பைக் கேட்பதா வேண்டாமா என்பது அந்தந்த நிறுவனத்தின் இஷ்டம்.

இன்னொரு வகை, பழைய நூல்களின் மேல் புதிதாக உரிமை கொண்டாடுவது. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு வாங்கியது 1949-இல். சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்கில் பார்த்தாலும் கெடு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் பாரதி பாடல் தொகுப்பு எங்களுடையது, நீக்குங்கள் என்று புகார் வருகிறது. அவர்கள் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புக்கும் உரிமை கேட்டால் கொடுக்கலாம், பாட்டுக்கே கேட்கிறார்கள். கல்கி 1954-இல் மறைந்தவர். அவர் எழுத்துக்கும் இதே கதைதான். நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே படிக்கக் கொடுக்கிறது, மதுரைத் திட்டம் என்ற தன்னார்வலர்களின் இணைய முயற்சி 1998 முதல் பழந்தமிழ் நூல்களை ஏற்றி வருகிறது. ஒரு கல்லூரி மாணவி அங்கிருந்து எடுத்துப் போட்ட பாட்டுக்குத் தமிழ் தெரியாத என் சக ஊழியர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? படிவம் சரியாக இருந்தால் நீக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்களின் முகவர்கள் ஆயிரக்கணக்கான லிங்குகளை ஒரே கோப்பில் அனுப்புவார்கள். அவற்றை அனுப்புவதும் இயந்திரம், ஏற்பதும் இயந்திரம். ஒரு சினிமாவின் பெயரும் யாரோ ஒரு சித்த வைத்தியர் எழுதிய குறிப்பின் தலைப்பும் ஒன்றாக இருந்ததால் வைத்தியக் குறிப்பு காணாமற்போனதை நானே பார்த்தேன். ஆகவே, எல்லாவற்றையும் உடனே தானாகவே நீக்கும்படி சட்டம் வர வேண்டும் என்று பதிப்பாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அதனால் லாபம் அவருக்கு வராது. வக்கீல் வைத்துப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு வரும்.

பிடிஎஃப் படிக்கிறவர்களைப் போலீஸ் பிடிக்க வேண்டும் என்பதையும் ஏற்க மாட்டேன். தெரிந்தே உரிமையை மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அதை ஏற்றுகிறவன் மேல் திருப்புங்கள். ஏற்றுகிறவன் யார் என்று தெரியாது, பெயரை மறைத்துக்கொள்கிறான் என்றால், அதற்கும் வழி பிறந்திருக்கிறது. பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர், தம் நூல்களும் பாடங்களும் டெலிகிராமில் திருட்டுத்தனமாகப் பரவுவதாக வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது; அந்த நிறுவனமும் கொடுத்தது. தனி ஒரு ஆசிரியையால் முடிந்திருக்கிறது. ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சி நடத்தும் பதிப்பாளர் சங்கம், நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்காக ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு புகார்களைச் சேர்த்து அனுப்ப ஏன் முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை. காட்சியில் சுண்டலுக்கும் பஜ்ஜிக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒரு மேசை போடலாம். இங்கே அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் தந்தால், படிவம் எழுதச் சொல்லித்தர நான் தயார். அலுவலகம் அனுமதிக்குமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

பதிப்பாளருக்கு இன்னும் ஒன்று. புகாரைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் தட்டச்சு செய்து அனுப்புங்கள், படமெடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பிரதிக்கு ஒரு லிங்க். தளத்தின் முதல் பக்க முகவரி உதவாது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை எங்களுக்கு அனுப்புவதிலும் பயனில்லை, அது எங்கள் கையில் இல்லாத இடம். ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். பொது உதவி முகவரிக்கு அனுப்பாமல் அவருக்கே அனுப்புங்கள். அவர் தரும் பதில் சரியில்லை என்றால் 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே மேல்முறையீடு செய்யலாம். அங்கே உங்கள் முதல் புகாரையும் அதற்கு வந்த பதிலையும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே எங்களைப் போன்றவர்களிடமிருந்து வரும் அந்த ஆங்கிலத் தானியங்கிப் பதிலை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். அதன் தலைப்பில்தான் உங்கள் புகார் எண் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு – 560 008.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)